வெள்ளைக் கொடி ஏறிய சோடி

"தோணியை எடுக்காதே! பொறு!"

வினாயகமூர்த்தி வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு துறையை நோக்கி ஓடினான். மற்றக் கையில் ஒரு வெள்ளைக் கொடி. அதை ஏன் இன்னும் சுமக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. வலை உலர்த்திக்கொண்டிருந்த இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன தம்பி, ஆருக்கிட்டச் சரணடையப் போறீங்க?"

நிற்க நேரமில்லை. மருத்துவிச்சி அன்னப்பூரணி வவுணதீவுத் தோணியில் போய்விட்டால் அக்கரையில் எந்தப் பிரசவ வீட்டில், எத்தனை நாள் தங்குவாளோ! நாளைக் காலையில் கல்லாற்று மாப்பிள்ளை வீட்டார் மங்கையற்கரசியை நிச்சயம் பண்ண வெற்றிலைத் தட்டோடு நாவற்குடாவுக்கு வருகிறார்கள். அதற்குள் மருத்துவிச்சியைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

மங்கையற்கரசியைத் தனக்குக் கேட்டு அவன் போன மாதம் ஆள் அனுப்பினான். அவளுடைய தாய்மாமன் கோணாமலைப் போடியார் இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்: "ஒரே குடி." மட்டக்களப்பில் அதற்கு மேல் பேச்சில்லை. குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. ஒரே குடியில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை. அவன் அம்மா சின்னத்தங்கம் உலகிப்போடி குடி, அவள் அம்மாவும் உலகிப்போடி குடி. கதை முடிந்தது.

முடிந்த கதையை இன்று பிற்பகல் ஒரு பொறி திரும்பவும் திறந்துவிட்டது.

வாலிபர் சங்க மண்டபத்தில் மங்கையற்கரசியின் பேச்சு. கொழும்பில் கணிதம் படித்துப் பட்டத்தோடு வந்தவள். தலைப்பு, 'கணக்குப் பார்க்கும் பொறி தர்க்கமும் செய்யுமா?' சங்கத்தின் காரியதரிசி என்ற முறையில் வினாயகமூர்த்தி முன்வரிசையில் இருந்து தலையாட்டினான். அவள் எடுகோள் என்றாள், அனுமானம் என்றாள், ஆம் என்பதையும் இல்லை என்பதையும் வைத்துக்கொண்டு உலகத்தையே அளக்கலாம் என்றாள். அவனுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. பின்வரிசையில் புடவைக்கடை உசனார் விட்ட கொட்டாவி மேடை வரைக்கும் கேட்டது.

அவள் கரும்பலகையில் எழுதிய சோக்கட்டியைக் கீழே வைத்தாள். "சரி. பொறி இங்க இல்ல. நாமளே பொறியாவம்."

மூன்று கதிரைகள் வந்தன. அவரவர் கைக்கு வரும் சிலேட்டு மட்டுமே அவரவருக்குத் தெரியும்படி இடையிடையே ஓலைத் தட்டி. முதல் கதிரையில் அன்னப்பூரணி. பெட்டிக்குள் விழும் சீட்டில் ஓர் ஆண் பெயரும் ஒரு பெண் பெயரும் இருக்கும். அவள் இருவருடைய தாய்மார் பெயரையும் இரண்டு சிலேட்டில் எழுத வேண்டும். ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவளுக்கு அது தெரியாதா? இரண்டாம் கதிரையில் கோவில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் கோணாமலைப் போடியார், சுற்று வட்டாரத்தில் யார் எந்தக் குடி என்று அறிந்தவர். வந்த பெயரை அழித்துவிட்டு, அந்தத் தாயின் குடியை எழுதுவது அவர் வேலை. மூன்றாவதில் காத்தான்குடி அப்துல் மஜீத் முதலாளி. இரண்டு சிலேட்டிலும் ஒரே குடி என்றால் சிவப்புக் கொடி, வேறு வேறு என்றால் வெள்ளை.

"எங்கட ஊர்லயும் குடி பாத்துத்தான் கலியாணம், தங்கச்சி," என்றார் மஜீத். "ஆனா ஆருக்குக் கொடி பிடிக்கிறன் எண்டு எனக்கே விளங்கல்லியே?"

"விளங்கக் கூடாது, மஜீத் காக்கா. அதுதான் பொறி."

அன்னப்பூரணி மட்டும் கையைத் தூக்கினாள். "தாய் எண்டா, பெத்த தாயா புள்ள?"

"வேற என்ன தாய் இருக்கு மாமி?" சபை கொல்லென்று சிரித்தது. மங்கையற்கரசியும் சிரித்துவிட்டாள். "பெத்த தாய்தான். உண்மையை மட்டும் எழுதுங்க. பொய்யைப் போட்டாப் பொறியும் பொய்தான் சொல்லும்."

பொறி ஓடியது. கலியாணம் முடித்தவர்களின் பெயர்களைப் போட்டார்கள், வெள்ளை. உசனார் குறும்புக்கு ஓர் அண்ணன் தங்கையின் பெயரைப் போட்டார், சிவப்பு. சபை கை தட்டியது. அந்தக் கலகலப்பில் வினாயகமூர்த்தி கடைசிச் சீட்டைப் பெட்டிக்குள் நழுவவிட்டான். தன் பெயர், அவள் பெயர். விடை தெரிந்த கேள்விதான். ஆனாலும் புண் இருக்கிற இடத்துக்குத்தானே கை போகிறது?

வெள்ளைக் கொடி ஏறியது.

யாருடைய சோடி என்று தெரியாமலே சபை கை தட்டியது. அவன் மட்டும் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் கலைந்ததும் மங்கையற்கரசியிடம் போய்ச் சொன்னான்.

"நம்மட பேரையா போட்டீங்க? விசரா உங்களுக்கு?" அவள் முகம் வெளிறி, பின் சிவந்தது. "வெள்ளையா? இருக்காது. எங்கயோ பிழைச்சிருக்கு."

"எங்க?"

"மூண்டு கதிரை, மூண்டு இடம். பின்னுக்கிருந்து தேடுங்க. பிழை எங்க எண்டு தெரியாம நான் நாளைக்கு வெத்திலைத் தட்டுக்கு முன்னால போய் இருக்க மாட்டன்."

மஜீத் முதலாளி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். "கடைசிச் சோடியா? ஒண்டு உலகிப்போடி, மத்தது பணிக்கனார். கண்ணாடி போட்டுத்தான் பாத்தன். நம்பிக்கை இல்லாட்டி இந்தாங்க, நீங்களே பிடிங்க!" கொடியை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

பணிக்கனார் குடியா? அது எங்கிருந்து வந்தது?

அடுத்தது போடியார். அவரிடம் போவதற்கு முன் வேட்டியை இரண்டு தரம் சரிசெய்துகொண்டான்.

"கடைசிச் சிலேட்டா?" போடியார் மீசையைத் தடவினார். "ஒண்டில என்ட தங்கச்சிட பேர். அவள் பெத்ததுகள் ஐஞ்சு. அதில எந்தக் குமரிட பேரை எவன் போட்டவன் எண்டுதான் நான் தேடித் திரியிறன். உனக்கேன்டா அது?"

"சும்மா... சங்கத்து அறிக்கைக்கு."

"அறிக்கை! மத்தவள் செத்து எவ்வளவு காலம்! செத்தவளுக்கும் குடி எழுத வச்சிட்டாள் என்ட மருமகள்."

செத்தவளா? அவனுடைய அம்மா இன்று காலையில்தான் "கூட்டம் கூட்டம் எண்டு வயித்தைக் காயப்போடாதே" என்று ஏசி ஏசிச் சோறு போட்டாள். அப்படியென்றால் அன்னப்பூரணி வேறு யாரோ ஒரு வினாயகமூர்த்தியின் தாயை எழுதிவிட்டாள். அதுதான் பிழை. வெள்ளை பொய், சிவப்புத்தான் நிசம், கல்லாற்றான் வரட்டும்.

ஆனால் சீட்டில் 'காரியதரிசி வினாயகமூர்த்தி' என்றல்லவா எழுதினான்? ஊரில் காரியதரிசி ஒருவன்தானே! பிழை வேண்டுமா, வேண்டாமா என்றே தெரியாமல் அவன் ஓடத் தொடங்கினான்.

தோணிக்காரன் கம்பை ஊன்றி, நிறுத்திப் பிடித்தான். அன்னப்பூரணி மருந்துப் பெட்டியை மடியில் வைத்தபடி திரும்பினாள். வினாயகமூர்த்தி இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"மாமி! கடைசிச் சீட்டு. நான்தான் போட்டனான். என்ட பேருக்கு நீங்க ஆரை எழுதினீங்க?"

அவள் கொடியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "பேரை அழிச்சிருவாங்க, ஒருத்தருக்கும் தெரியாது எண்டுதானே நினைச்சன்..."

"பிழையா எழுதிட்டீங்க மாமி. என்ட அம்மா உயிரோட வீட்டில இருக்கிறா."

"ஓம் மனே, சின்னத்தங்கம் இருக்கிறாள். நல்லா இருக்கட்டும். நான் அவளை எழுதல்ல."

"ஏன்?"

"பெத்த தாயா எண்டு கேட்டனே. எல்லாரும் சிரிச்சீங்க. நீயும்தான் சிரிச்சாய்."

அலை தோணியின் பக்கத்தில் தட்டித் தட்டி அடித்தது. தோணிக்காரன் வேறு பக்கம் பார்த்தான்.

"பெரிய வெள்ளம் வந்த வருசம்," என்றாள் அன்னப்பூரணி. "கிரானில ஒருத்தி பெத்த கையோட கண்ணை மூடிட்டாள். புருசனும் இல்ல, சனமும் இல்ல. இஞ்ச சின்னத்தங்கத்துக்குப் பிறந்தது அழவே இல்ல. இவளுக்குப் பால் கட்டி நெஞ்சு வெடிக்குது, அங்க ஒண்டு பாலுக்குக் கத்துது. நான் என்ன செய்ய? சேலையில சுத்தித் தோணியில கொண்டு வந்து இவள்ட மடியில வச்சன். நானும் அவளும் வாயைப் பூட்டினம். அதுக்குப் பிறகு ஒருத்தரும் கேக்கல்ல, மனே. உண்மையை எழுது எண்டு இண்டைக்குத்தான் ஒரு புள்ள கேட்டுது."

வினாயகமூர்த்தியின் கையிலிருந்து கொடி நழுவித் தண்ணீரில் மிதந்தது. அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்க வேண்டாம் என்று உள்ளே ஏதோ பிடித்து இழுத்தது.

"சேலையில சுத்தினது... எந்தப் புள்ளையை, மாமி?"

அன்னப்பூரணி குனிந்து, நனைந்த அவன் தலையில் கையை வைத்தாள்.

"உன்னைத்தான்டா. உன்னைப் பெத்தவள் கிரான் கண்ணகை. பணிக்கனார் குடி."