லென்ஸ் வளர்த்த நாய்

கொக்குக்கு அருவருப்பு அதிகம். கறிக்கடை வைத்திருப்பவருக்கு அருவருப்பா என்று சிரிப்பவர்கள் ஒரு நாள் அவர் கடைக்கு வந்து பார்க்கலாம். வெட்டுக்கட்டை தினமும் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கும். ஈ உட்கார இடம் தேடி அலைந்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். வீட்டுக்குப் போனால் குளித்த பிறகுதான் மனைவியிடம் பேச்சே. நகத்தில் அழுக்கோடு யாராவது காசு நீட்டினால், வாங்குவதற்குள் அவர் முகம் போகும் போக்கு பார்க்கச் சகிக்காது.

விமானம் போகும்போதெல்லாம் கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்ப்பதால் நண்பர்கள் வைத்த பெயர்தான் கொக்கு. விமானங்கள் இறங்கும் வழி கடைக்கு நேர் மேலே இருந்தது. கையில் கத்தியை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரிக்கும் மனிதரிடம் கறி வாங்கப் புது வாடிக்கையாளர்கள் பயந்தார்கள். பழையவர்கள், அவர் தலை கீழே இறங்கும் வரை பொறுமையாக நின்றார்கள்.

நண்பர்கள் இருவர். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரன் லென்ஸ். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவன் கிளட்ச். கிளட்ச்சிடம் வேன் இருந்தது, லென்ஸிடம் நீளமான கேமரா இருந்தது, கொக்கிடம் ஆசை மட்டும் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் விமானக் கண்காட்சிகள் ஊர் ஊராக ஆரம்பிக்கும். இந்த வருடம் ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் போவது என்று மூவரும் தீர்மானித்தார்கள். கொக்கு கடையை மூடிவிட்டு வெளியூர் போவது இதற்கு மட்டும்தான். சொந்தத் தங்கை வீட்டு விசேஷத்துக்குக்கூட அவர் ஷட்டரை இறக்கியதில்லை.

விமானக் கண்காட்சி என்றால் வானம் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதி நாள் கீழேதான் பார்க்க வேண்டியிருக்கும், கால் எதிலாவது பட்டுவிடுமோ என்று. வரிசையாக நிறுத்திய தகரக் கழிப்பறைகளுக்குக் காலை பத்து மணிக்கு மேல் மனிதன் போக முடியாது. குடித்துப் போட்ட குளிர்பான டப்பாக்கள் காலடியில் நசுங்கும். வானத்தையே தான்தான் வாடகைக்கு எடுத்துவிட்டது போல ஒலிபெருக்கியில் ஒருவன் கத்திக்கொண்டிருப்பான். ஆயிரம் மைல் வேகத்தில் ஒன்று தலைக்கு மேல் போகும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களையே படம் எடுத்துக்கொள்ளும் ஜென்மங்களைப் பார்த்தால் கொக்குக்கு வயிறு எரியும். அதனால் மூவரும் டிக்கெட் கூட்டத்தோடு சேர மாட்டார்கள். ஓடுபாதை முடியும் இடத்தில், கம்பி வேலிக்கு வெளியே, தீராத பைத்தியம் பிடித்தவர்கள் மட்டும் கூடும் ஒரு இடம் உண்டு. ஆளுக்கு ஒரு அலுமினிய ஏணி கொண்டுவந்து வேலியோரம் விரித்து, அதன் மேல் ஏறி நின்று பார்ப்பார்கள். ஒருவன் வைத்த ஏணியை இன்னொருவன் தொட மாட்டான். அந்த ஒரு மரியாதைக்காகவே கொக்குக்கு அந்தக் கூட்டத்தைப் பிடித்துப்போயிருந்தது.

முதல் கண்காட்சி முடிந்து வேனில் திரும்பும்போது லென்ஸ் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். சீசன் முடிவில் ஒரு பெரிய புகைப்படப் போட்டி இருந்தது. வெறும் நீல வானத்தில் விமானத்தை எவன் வேண்டுமானாலும் எடுப்பான், கூட ஒரு உயிர் இருந்தால்தான் படம் பேசும் என்று வழி நெடுகப் புலம்பினான். பறவையைக் கூப்பிட்டால் வந்துவிடுமா என்று கிளட்ச் சிரித்தான்.

இரண்டாவது கண்காட்சியில்தான் கொக்குக்கு வாழ்நாள் பாக்கியம் வாய்த்தது. வானத்தில் கரணம் போடும் ஒரு குட்டிச் சிவப்பு விமானம் உண்டு. ஒருவர் மட்டும் உட்காரலாம், முன்னால் ஒரு விசிறி. ரசிகர்கள் அதற்கு மிளகாய் என்று பெயர் வைத்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து அதைப் பொதுமக்கள் பார்க்க நிறுத்தியபோது, அதை ஓட்டும் பெண் இறக்கைப் பக்கம் நின்று எல்லோரிடமும் பேசினாள். கொக்கின் தங்கை வயதுதான் இருக்கும். கொக்கு கூச்சத்தோடு போய், மேலே இருக்கும்போது உங்களுக்கு எது பயம் என்று கேட்டார். லென்ஸ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"எஞ்சின் நின்னாக்கூட எங்கேயாவது இறக்கிடுவேன் அண்ணே. நான் தலைகீழா தாழ வர்ற நேரத்துல ஒரு பருந்து குறுக்கே வந்துச்சுன்னா, அதோட சரி" என்றாள் அவள்.

அந்த 'அண்ணே'யை வைத்துக்கொண்டு கொக்கு ஒரு வாரம் ஓட்டினார். கறி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொன்னார், சிலருக்கு இரண்டு தடவை.

அந்த வாரம்தான் லென்ஸ் கடைக்கு வந்து, வீட்டில் நாய் வளர்ப்பதாகச் சொன்னான். கோழிக் குடல், ஈரல் துண்டு, தோல் என்று கழிவு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டான். கண்காட்சிக்குப் போகிற அன்று காலையிலேயே வேனில் வாங்கிக்கொள்கிறேன், திரும்பி வரும்போது உன் கடை மூடியிருக்குமே என்றான். நாயின் பெயரைக் கேட்டதற்கு ஒரு கணம் யோசித்துவிட்டு, "நாய்னுதான் கூப்பிடுவோம்" என்றான்.

கொக்குக்கு அது போதும். கழிவைக் கழிவாகக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து பொறுக்கினார். தொண்டையில் குத்தும் சின்ன எலும்புகளைத் தனியே எடுத்துப் போட்டார், பித்தப்பையைக் கிழியாமல் நீக்கினார், இரண்டு தரம் அலசினார். கறுப்புப் பையில் கட்டி, வாயைத் திருகி, திருகியதை மடித்து அதற்குள்ளேயே சொருகினார். அப்படி முடிச்சுப் போடுகிறவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். வெயிலில் கெட்டுவிடக் கூடாது என்று ஐஸ் பெட்டியும் தானே கொடுத்தார். நாய் சாப்பிட்டதா என்று போன் போட்டுக் கேட்டார். நன்றாகத் தின்கிறது, உடம்பில் பளபளப்பு வந்துவிட்டது என்றான் லென்ஸ், வாய் கூசாமல்.

மூன்றாவது கண்காட்சியில் லென்ஸுக்குப் படம் அமைந்தது. மிளகாய் தலைகீழாகப் போகிறது, அதன் இறக்கை நுனியை ஒட்டி ஒரு பருந்து சிறகை விரித்து நிற்கிறது. ஏணிக்காரர்கள் எல்லோரும் கேமராவின் சின்னத் திரையைச் சுற்றி மொய்த்தார்கள். பருந்தைப் பற்றி அவள் சொன்னது கொக்குக்கு நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் படம் அப்படி ஒரு அழகு. நண்பன் எடுத்தது என்ற பெருமை வேறு. அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார்.

சீசனின் கடைசிக் கண்காட்சி. மிளகாய் மேலே ஏறுவதற்குச் சற்று முன்னால் கொக்கு சிறுநீர் கழிக்க ஒதுக்குப்புறம் தேடி வேலியோரமாகவே நடந்தார். தகரக் கழிப்பறைக்குப் போவதைவிடச் செத்துப்போகலாம் என்பது அவர் கட்சி. புதர் தாண்டியதும் நாற்றம் அடித்தது. மற்றவர்களுக்கு அது பொதுவான நாற்றம், அவருக்கு ஊரும் பேரும் தெரிந்த நாற்றம். வேலிக்கு உள்ளே, ஓடுபாதை முடிந்து புல் தொடங்கும் இடத்தில், குடலும் தோலும் சிதறிக் கிடந்தன. மேலே பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. வேலிக் கம்பியில் ஒரு கறுப்புப் பை சிக்கிப் படபடத்தது. வாயைத் திருகி, மடித்து, சொருகிய முடிச்சு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. அடியைக் கிழித்துக் கொட்டியிருந்தார்கள்.

அலசிக் கொடுத்த குடல். ஒரு எலும்புகூட இல்லாத குடல்.

குமட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் வெட்டிய கறியில் ஒரு நாளும் வராத குமட்டல். பையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடினார். லென்ஸ் ஏணி மேல் நின்று, ஒரு கண்ணை மூடிக் கேமராவைப் பருந்துகள் பக்கம் திருப்பிப் பொருத்திக்கொண்டிருந்தான். கொக்கு பையை நீட்டியதும் அவன் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை.

"கத்தாதேடா. போன தடவை ஏதாவது ஆச்சா? பருந்துக்குத் தெரியாதா ஒதுங்கிக்க?" என்றான்.

கொக்கு கிளட்ச்சைப் பார்த்தார். கிளட்ச் தன் செருப்பைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும். போன தடவை வேலிக்கு மேலாக வீசிக் கொட்டியதே அவன்தான், கை நீளம் என்பதால்.

தூரத்தில் மிளகாயின் எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? காவலர்கள் எல்லாம் கூட்டம் இருக்கும் பக்கம். ஒலிபெருக்கிக்காரன் அவள் பெயரைச் சொல்லிக் கூவத் தொடங்கிவிட்டான். சில நிமிடங்களில் அவள் அந்தப் புல்லுக்கு மேலே தலைகீழாகத் தாழ வருவாள். கொக்கு தன் ஏணியைத் தூக்கினார். புதருக்கு அப்பால் வேலியில் சாய்த்து, ஏறி, உள்ளே குதித்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கம்பியில் மாட்டி டர்ரென்று கிழிந்தது.

பிறகு அவர் பொறுக்கினார். பையில் அடி இல்லை. சட்டையைக் கழற்றி விரித்து அதில் அள்ளினார். வெயிலில் வெந்து, ஈ மொய்த்து, கொழகொழவென்று விரலுக்குள் வழுக்கியது. ஒரு பருந்து அவர் காதை உரசிக்கொண்டு இறங்கி ஒரு துண்டைக் கவ்விப் பறந்தது. இன்னொன்று அவர் கையில் இருந்ததையே பறித்தது. அவர் வெறும் பனியனோடு கையை வீசிக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார். மேலே ஏறிவிட்ட மிளகாய் இந்தப் பக்கம் வரவில்லை. ஓடுபாதையில் ஆள் நிற்கிறான் என்று கட்டுப்பாட்டு அறை பார்த்துவிட்டது. அவளைத் தொலைவில் வட்டமடிக்கச் சொல்லி, பிறகு மறுமுனையில் இறக்கிவிட்டார்கள். விஷமி ஒருவன் உள்ளே நுழைந்துவிட்டதால் நிகழ்ச்சி ரத்து என்று ஒலிபெருக்கி சொன்னது. ஏமாந்த கூட்டம் கொக்கின் அம்மாவையும் அக்காவையும் சேர்த்துத் திட்டியது.

காவலர்கள் ஜீப்பில் வந்தார்கள். கையில் என்ன என்று அதிகாரி கேட்டார். கொக்கு மறைக்கவில்லை. குடல், என் கடையுடையது, ஆனால் இங்கே கொட்டியது நான் இல்லை என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இருவரையும் காட்டினார். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கு அருகில் போய், இவர் உங்கள் ஆளா என்று விசாரித்தார்.

லென்ஸ் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டான். "அவரு கறிக்கடை வச்சிருக்கார் சார். பக்கத்துல நின்னாரு, அவ்வளவுதான். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

சீசன் முழுக்க வாய்க்கு வாய் 'டா' போட்டவன் அன்றுதான் முதல்முறையாக அவருக்கு மரியாதை கொடுத்தான். கிளட்ச் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வேன் சாவியைத் தேடினான்.

இனி எந்த விமானக் கண்காட்சிப் பக்கமும் தலை காட்டக் கூடாது என்று எச்சரித்து, கொக்கை நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் விட்டார்கள். ஏணியைத் திருப்பித் தரவில்லை. அவர் பஸ்ஸில் ஏறியதும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அவராக இருந்தாலும் எழுந்திருப்பார்.

வீட்டில் வெகு நேரம் குளித்தார். குளிக்காமல் பேசாதவர் அன்று உள்ளே இருந்தபடியே நடந்ததைச் சொன்னார். மனைவி கதவுக்கு வெளியே நின்றபடியே, "அப்போ அந்த நாய்?" என்றாள். அவருக்கும் அதுதான் ஆறவில்லை. இல்லாத நாயின் தொண்டையில் எலும்பு சிக்கிவிடுமோ என்று உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறோமே என்பதுதான்.

போட்டி முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்து லென்ஸ் வந்தான். கையில் ஒரு பெரிய படம். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"கோவத்தை விடுடா. பரிசு நமக்குத்தான். உன்னை ஹீரோவாக்கிட்டேன் பாரு."

கல்லாப் பக்கம் படத்தை வைத்தான். கொக்குதான் படம். வெறும் பனியன், முழங்கை வரை அப்பிய குடல், கெட்ட வார்த்தைக்காகத் திறந்த வாய், தலையைச் சுற்றி ஏழெட்டுப் பருந்து. கீழே 'பசி' என்று தலைப்பு. கறி வாங்க நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மூக்கைச் சுளித்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

அங்கே அவர் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் இவன் ஏணி மேல் நின்று கேமரா பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். கொக்கு கையைக் கழுவினார். துடைத்தார். நிதானமாகக் கேட்டார்.

"நாய் எப்படி இருக்கு?"

லென்ஸ் புருவத்தைச் சுருக்கினான். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான்.

"எந்த நாய்?"

கொக்கு படத்தைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தார். வலது மூலையில், பருந்துகளுக்கு வெகு தூரம் அப்பால், மிளகு அளவு ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. கீழே இடம் சுத்தமாகட்டும் என்று வட்டமடித்துக்கொண்டிருக்கிறாள். எடுத்தவன் கண்ணுக்கு அது பட்டிருக்காது.

சின்னக் கத்தியை எடுத்து அந்த மூலையை மட்டும் தபால்தலை அளவுக்கு வெட்டி எடுத்தார். சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தையும் கழற்றினார். இரண்டு பெரிய படங்களையும் கட்டைக்குக் கீழே இருந்த கழிவு வாளியில், குடலுக்கு மேல் போட்டு, மூடியை மூடினார். லென்ஸ் என்னவோ சொல்லத் தொடங்கினான். கொக்கு வெட்டிய துண்டைத் தராசின் நெற்றியில் ஒட்டிவிட்டு, மறுபடியும் கையைக் கழுவிக்கொண்டு, அவனுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.