ஏழு மணி மிஸ்டு கால்

"நிறுத்துடா! வண்டியை நிறுத்து!"

நடுச்சாலையில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள் லிண்டேகா. வெள்ளை மினி பஸ் கிறீச்சிட்டு, அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"சாகணும்னா ரயில்ல போய் விழுக்கா. என் பம்பர் புதுசு."

"ஆள் சாகக் கிடக்கு. கதவைத் திற."

சனிக்கிழமை காலை. காயலிட்ஷா குடியிருப்பில் ஓடும் அத்தனை மினி பஸ் டாக்ஸியும் சவ அடக்கத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும் நேரம். இதிலும் கறுப்பு உடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பின்னால் வுயெல்வா தன் கணவன் ஸோலிலேயை அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தாள். வெல்டிங் பட்டறையில் இரும்பு கேட்டை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்துபவன். இன்று அவனை இரண்டு பெண்கள் தூக்கி ஏற்றிவிட முடிந்தது. கழுத்து பலகை மாதிரி விறைத்திருந்தது. வெளிச்சம் பட்டால் முனகினான்.

"அடக்கத்துக்குப் போற வண்டியில இன்னொண்ணையும் ஏத்துறியே" என்றாள் கறுப்புத் தொப்பிக்காரி ஒருத்தி.

"வாயைக் கழுவு, அம்மா" என்றாள் லிண்டேகா. "தம்பி, பெரிய ஆஸ்பத்திரிக்கு விடு. நடுவுல எங்கேயும் நிறுத்தாதே."

தலை வுயெல்வாவின் மடியில். கால்கள் லிண்டேகாவின் மடியில். அந்த நிலைமையிலும் வுயெல்வாவின் கண் அங்கேதான் போனது. அவன் பாதத்தை அவள் தேய்த்துவிடுகிற விதம், நேற்று இன்று பழகிய விதம் இல்லை.

"காலை விடு."

"சில்லுனு இருக்கு, சிஸி" என்றாள் லிண்டேகா. அக்கா முறை வைத்துத்தான் எப்போதும் கூப்பிடுவாள்.

"இருந்துட்டுப் போகட்டும். விடுன்னா விடு."

லிண்டேகா கையை எடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "மாத்திரை ஒழுங்கா போட்டாரா?"

"போட்டார்."

"ஏழு மணிக்கு? ரெண்டு வேளையும்?"

"போட்டார்னு சொல்றேன்ல!"

பொய். தொண்ணூற்றிரண்டு நாள் வயதுள்ள பொய்.

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் ஸோலிலேவுக்கு எச்.ஐ.வி. மருந்து தொடங்கினார்கள். மருந்து கொடுப்பதற்கு முன் கிளினிக்கில் ஒரு நிபந்தனை உண்டு. துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிவர வேண்டும். மாத்திரை போடுகிறானா என்று கண்காணிக்க, வகுப்புகளில் கூட உட்கார, காகிதத்தில் கையெழுத்துப் போட.

வுயெல்வா அன்று தன் நல்ல பாவாடையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். ஸோலிலே அவளைக் கூப்பிடவில்லை. லிண்டேகாவைக் கூட்டிப் போனான்.

லிண்டேகா! கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் அவனோடு சுற்றியவள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. ஒரு காலத்தில் எலும்பும் தோலுமாக இழுத்துக்கொண்டு கிடந்தவள், அதே மாத்திரையைத் தின்று இப்போது கன்னமெல்லாம் மினுமினுக்கத் தெருவில் நடந்தாள்.

"ஏன் அவ?" என்று கேட்டாள் வுயெல்வா.

"அவளுக்கு இந்த மருந்து பழக்கம்."

"எனக்கு உன்னைப் பழக்கம் இல்லையா?"

"விடு, மாம்பேலே" என்றான். கோபம் வந்தாலும் மனைவியை அவள் குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

அன்றிலிருந்து காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் அவன் போன் அடிக்கும். ஒரே ஒரு ரிங். அவன் கட் செய்துவிடுவான். லிண்டேகாவின் மிஸ்டு கால். அங்கே அவள் தன் மாத்திரையை வாயில் போடுகிறாள், இங்கே நீ போடு என்று அர்த்தம். வுயெல்வா சோளமும் அவரையும் வேகவைத்துத் தட்டில் போட்டு நீட்டும்போது அடிக்கும். படுக்கையில் அவன் தோளில் சாய்ந்திருக்கும்போது அடிக்கும். ஒரு நிமிஷமும் பிசகாது. ஒரு வீட்டுக்குள் தினம் இரண்டு தடவை இன்னொருத்தி வந்து போவதற்குக் கதவு எதற்கு?

"பேசினாக்கூடத் திட்டலாம். பேசாமலே குடும்பம் நடத்துறா" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பொருமினாள்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான் அவளைச் சமூகக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். டை கட்டிய ஒருவர் மேடையில் நின்று, ஆஸ்பத்திரி மாத்திரை விஷம் என்றார். வைட்டமின் போதும், உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்றார். வுயெல்வாவுக்கு அதில் பாதிக்கு மேல் நம்பிக்கை வரவில்லை. கடைசியாகச் சொன்ன ஒரு வரிதான் அவளை நாற்காலியோடு கட்டிப்போட்டது.

"இதுக்குக் கார்டு வேண்டாம், கிளினிக் வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம். வீட்டுல இருக்கிற பொண்டாட்டி கையால கொடுத்தா போதும்."

பொண்டாட்டி கையால!

நான்கு டப்பா வாங்கி வந்தாள். ஸோலிலேவுக்கு அப்போது மருந்தினால் கெட்ட கனவுகள் வந்துகொண்டிருந்தன. காலில் முள் குத்துவது போல் இருக்கிறது என்பான். அந்த நேரம் பார்த்துப் பேசினாள். அழுதாள். இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் அவன் கையை நீட்டினான்.

"உனக்கு இதுல நிம்மதின்னா கொடு. லிண்டேகாகிட்ட மட்டும் சொல்லாதே. தொலைச்சுக் கட்டிடுவா."

எத்தனை இனித்தது அந்தச் 'சொல்லாதே'! அவனுக்கும் தனக்கும் நடுவில், அவளுக்குத் தெரியாத ஒன்று.

மாதாமாதம் கிளினிக்கில் மீதி மாத்திரையைத் தட்டில் கொட்டி எண்ணுவார்கள். வுயெல்வா அதற்கும் வழி செய்தாள். போன் அடித்ததும் அவனுக்கு ஒரு கை நிறைய வைட்டமின். பிறகு, போட்டிருக்க வேண்டிய மாத்திரைகளை எடுத்துக்கொண்டு வெளியே இருக்கும் கழிப்பறைக்குப் போவாள். சங்கிலியை இழுப்பாள். ஒவ்வொரு மாதமும் எண்ணிக்கை கச்சிதம். நர்ஸ் பாராட்ட, லிண்டேகா பெருமையோடு கார்டைக் கொண்டுவந்து காட்டுவாள். வுயெல்வா அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்து உள்ளுக்குள் சிரிப்பாள். அடிடி, அடி. நீ அடிக்கிற மணிக்கு அவன் என் கையில் இருந்துதான் தின்கிறான்.

முதல் மாதம் கனவுகள் நின்றன. பார்த்தாயா என்றாள். இரண்டாம் மாதம் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டி வந்தது. விஷம் இறங்குகிறது என்றாள். மூன்றாம் மாதம் தலைவலி. இரவும் பகலும் தலைவலி. அப்போதுதான் முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது. ஆனால் கிளினிக்குக் கூட்டிப் போனால் லிண்டேகாவும் வருவாள். எல்லாம் வெளியே வரும். நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். இப்படியே ஒன்பது நாள்.

இன்று காலை ஏழு மணிக்குப் போன் அடித்தபோது அவன் எடுக்கவில்லை. கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அவன் கட் செய்யாததால் மணி தொடர்ந்து அடித்தது. லிண்டேகா வீட்டு உடையோடு ஓடி வந்தாள்.

*

அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணில் தூக்கம் இல்லை. ஸோலிலேயின் கழுத்தை மடக்கிப் பார்த்தாள், மடங்கவில்லை.

"என்ன மருந்து சாப்பிடறார்?"

லிண்டேகா கார்டை நீட்டினாள். எட்டு மாதமும் வரிசையாக டிக்.

டாக்டர் முகம் சுளித்தாள். "ஒரு வேளைகூட விடலையா? அப்படின்னா இந்த மருந்து இவருக்குக் கேட்கலை. முழுசா மாத்தணும்." பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மருந்து சாப்பிட்டும் இப்படின்னா ஒரு வழி. நிறுத்தினதால இப்படின்னா வேற வழி. நான் தப்பான வழியில போனா திரும்பி வர இவருக்கு நேரம் இல்லை."

"சாப்பிட்டார், டாக்டர்" என்றாள் லிண்டேகா. "நான் சத்தியம் பண்றேன்."

வுயெல்வா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் எட்டு மாதமாக லிண்டேகாவுக்கு எதிராகக் கட்டிய கோட்டை லிண்டேகாவின் காலடியிலேயே சரியும். திறக்காவிட்டால்? ஸோலிலே கண்ணைத் திறக்காமல் எதையோ முனகினான். யார் பெயரென்று புரியவில்லை. தன் பெயராக இருக்க வேண்டுமே என்று அந்த நொடியிலும் அவள் மனம் அடித்துக்கொண்டது.

"அவ சத்தியம் பொய்" என்றாள். "அவளுக்குத் தெரியாது. மூணு மாசமா மாத்திரை போடலை. நான்தான் வைட்டமின் கொடுத்தேன். மாத்திரையைக் கழிப்பறையில கொட்டினேன்."

டாக்டர் திட்டவில்லை. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

"வைட்டமின் சத்துக்கு. கிருமியைத் தடுக்க அதால ஆகாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கார்டில் இருந்த டிக்குகளின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். முதுகெலும்பு நீர் எடுக்க ஊசி கொண்டுவரச் சொல்லித் திரையை மூடினாள்.

*

நடையில் மர பெஞ்ச். இரண்டு பேரும் இரண்டு முனையில்.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வந்தாள். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் பூஞ்சைக் கிருமி ஏறியிருக்கிறது. எதிர்ப்பு சக்தி அடியோடு போனால் வருவது. டிரிப்ஸில் மருந்து ஏற்றத் தொடங்கியாயிற்று, இரண்டு வாரம் ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய மாத்திரை. பிழைப்பானா என்றால், பாதிக்குப் பாதி.

நர்ஸ் போனதும் லிண்டேகா எழுந்து வந்தாள். ஓங்கி ஒரு அறை விட்டாள். வுயெல்வா கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

"ஏன்டி? நான் உனக்கு என்னடி பண்ணினேன்?"

"தினம் ரெண்டு தடவை என் வீட்டுக்குள்ள வந்தே."

"மிஸ்டு காலுக்கா? அட பைத்தியமே! அவன் குறட்டையைக் கேட்டு ரெண்டு வருஷத்துல ஓடி வந்தவடி நான். திருப்பிக் கொடுத்தாலும் வேண்டாம்."

வுயெல்வாவுக்கு அழுகையும் சிரிப்புமாக ஏதோ வந்தது. லிண்டேகா பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலையில மாமியார் ஊர்ல இருந்து பஸ்ல வந்து இறங்கறாங்க" என்றாள் வுயெல்வா. "மகன் படுத்துட்டான்னு வியாழக்கிழமையே யாரோ சொல்லிட்டாங்க."

"வரட்டும். மருந்து மாத்திரை எல்லாம் என் பொறுப்புன்னு சொல்லு. காகிதத்துல கையெழுத்து என்னுதுதானே."

"நான் பண்ணினதுக்கு நீ ஏன்?"

"பின்னே அவன் என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போனான்னு நினைச்சே?"

வுயெல்வா அவள் முகத்தைப் பார்த்தாள். லிண்டேகா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் அண்ணன் எப்படிச் செத்தான்னு உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

"சுரங்கம் சரிஞ்சு."

"இல்லை. இதே வியாதி. வீட்டுல படுக்கையில கிடந்துதான் செத்தான். பொண்டாட்டி ஏதோ கலக்கிக் கொடுத்துட்டா, சூனியக்காரின்னு, அடக்கம் முடிஞ்ச அன்னைக்கே அவளை மெத்தையோட தெருவுல எறிஞ்சாங்க. கல்லால அடிச்சாங்க. ஸோலிலே நின்னு பார்த்திருக்கான். கிளினிக்ல கையெழுத்துக் காகிதம் கொடுத்தப்போ, முதல்ல உன் பேரைத்தான் எழுதினான், சிஸி. எழுதிட்டு, உடனே கோடு போட்டு அடிச்சுட்டான். 'நான் செத்தா இந்தப் பேரைத் தேடித்தான் வருவாங்க. உனக்குப் புகுந்த வீடு இல்லை, உன்னை எவன் துரத்துவான்? நீ போடு, லிண்டேகா. என் மாம்பேலே பேரு இதுல இருக்கக் கூடாது'ன்னான்."