முன்பணம் கட்டிய பயம்

"காசு கட்டியாச்சு. இனிமே பயப்படறதுக்கெல்லாம் நேரமில்ல, கிளம்புங்க!"

"கட்டினது நீதானே? நீயே போய்ப் பேசிட்டு வா."

"எனக்கென்ன கேடு? குளிக்கும்போதுகூட கதவைத் தொறந்து போடறது நானா, நீங்களா?"

எதிர் வீட்டுச் சண்டையை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. வாசல் கதவு, அறைக் கதவு, பீரோக் கதவு என்று அந்த வீட்டில் எதையும் சாத்திப் பல நாளாகிறது. துடைப்பத்தோடு என் வாசலில் நின்றாலே போதும், அவர்கள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது வரை தெரியும். அன்றைக்கு என் வாசல் தேவைக்கு மேல் சுத்தமாயிற்று, அவ்வளவுதான்.

எதிர் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிப்டே அவர் பேச்சைத்தான் கேட்கும். அவர் மனைவி பெரிய கடையில் கேஷியர். எதையும் பில் போட்டுப் பார்க்கிற புத்தி. எங்கோ ஓர் அலுவலகக் கட்டடத்தில் அவர் லிப்ட் கூண்டின் கூரைமேல் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, நிறுத்தி வைத்த சுவிட்ச் எப்படியோ விடுபட்டு, கீழே யாரோ பட்டனை அழுத்த, கூண்டு மேலே ஏறியிருக்கிறது. உச்சிக் கூரை அவர் மூக்குக்கு ஒரு சாண் மேலே வந்தபோது மின்சாரம் போய் நின்றது. பிழைத்தது கரன்ட் கட்டால் என்று நாங்கள்கூடச் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகுதான் ஒவ்வொரு கதவாகத் திறக்க ஆரம்பித்தார்.

மருத்துவ விடுப்பு அந்த வாரத்தோடு தீருகிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். கம்பெனி செலவிலேயே மனநல ஆலோசனைக்குப் போகலாமாம். ஆனால் போனது தெரிந்தால் "பயந்தாங்கொள்ளி மெக்கானிக்" என்று பட்டம் கட்டிவிடுவார்களோ என்று அவருக்கு அதிலும் பயம். அதனால் கேஷியர் தன் சம்பளத்திலிருந்து முன்பணம் கட்டிவிட்டாள். முதல் நாளே சொல்லாமல் நேரத்தை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று போனில் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். துடைப்பத்தைக் கீழே போட்டேன். கூப்பிட்ட பிறகு போகாமல் இருப்பது மரியாதையில்லை.

கடைசியில் மூன்று பேருமாக ஆலோசகரைப் பார்க்கப் போனோம். ஏறவேண்டியது ஒரே மாடிதான். ஆனால் படிக்கட்டுத் திருப்பத்தில் ஜன்னல் இல்லை. அங்கே அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் ஏதோ ஜோக் அடிக்க வாயெடுத்து, அவர் கண்ணைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். திடமான ஆள் ஒருவர் அப்படி நடுங்குவதை அத்தனை கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

ஆலோசகர் ஒல்லியான பெண். என் வயதில் பாதிகூட இருக்காது. அதுவே எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கை. கேஷியர் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"டாக்டர், எத்தனை தடவைல சரியாகும்?"

"நான் டாக்டர் இல்லைங்க, மருந்து எழுத மாட்டேன். எத்தனை தடவைன்னு இன்னிக்கே சொன்னா அது பொய்யாயிடும்."

"தெரியாமலா காசு வாங்கறீங்க?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. "இன்னிக்கு நான் இவரையும் இவர் என்னையும் தெரிஞ்சுக்கறதுக்குத்தான். கொஞ்ச நாள் வந்தும் ஒத்துவரலேன்னா வேற ஆள் பேர் தர்றேன், அதுல தப்பில்ல. கட்ட முடியாமப் போச்சுன்னா சொல்லாம நின்னுடாதீங்க, குறைச்சுக்க வழி இருக்கு."

"சரி, ரிப்போர்ட் என்கிட்டதானே தருவீங்க? பணம் கட்டறது நான்."

"ரிப்போர்ட்டே கிடையாதுங்க. இவர் என்ன பேசினாலும் இங்கயே இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் வெளிய சொல்லுவேன்."

பில் போட்டும் பொருள் கைக்கு வராத கடையை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. முகம் போன போக்கை விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

எங்கள் இருவரையும் வெளியே உட்கார வைத்தார்கள். என் காதுக்கு வந்த சோதனை அப்போதுதான் தொடங்கியது. கதவுக்குப் பக்கத்தில் தரையில் சின்னப் பெட்டி ஒன்று உஸ்ஸென்று மழைமாதிரி இரைந்துகொண்டே இருக்கிறது. உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாதாம். என்னைப்போன்றவர்களுக்காகவே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கதவு சாத்திய சத்தம் கேட்டது. அவ்வளவுதான். உள்ளே நாற்காலி விழுந்தது. கதவு படாரென்று திறந்து அவர் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். உதடு வெளுத்துவிட்டது. கேஷியர் எழுந்தவள் எழுந்தபடியே நின்றாள். அவள் கைப்பை கீழே கிடந்தது. செத்துவிடுவாரோ என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"உள்ள போக வேண்டாம். இங்கயே நில்லுங்க. கதவு தொறந்தே இருக்கும்," என்று ஆலோசகர் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். "தொறந்து வெச்சுப் பேசறதுன்னா இவங்க ரெண்டு பேரையும் கீழ போகச் சொல்லிடறேன்."

"வேண்டாம்." அவர் குரல் கரகரத்தது. "யாரும் போக வேண்டாம். அங்க... அன்னிக்கு அங்க யாருமே இல்ல." பிறகு என்னைக் காட்டினார். "அந்த அக்கா இருக்கட்டும். நான் கத்தினா அவங்களுக்குக் கேக்கும். அவங்களுக்குக் கேக்காதது எதுவும் இல்ல."

வேறு சமயமாக இருந்தால் இதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். அன்று நாற்காலியை இன்னும் கொஞ்சம் கதவருகே இழுத்துப் போட்டேன்.

"அந்தப் பெட்டியையும் நிறுத்துங்க. மோட்டார் மாதிரி இருக்கு."

நிறுத்தினார்கள். அந்த அமைதி பெட்டியின் இரைச்சலைவிடப் பயமாக இருந்தது. அவர் உள்ளே போய், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நாங்கள் கேட்கும்படி பேசச் சம்மதமா என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டார். அவர் தலையாட்டினார். அன்று கேட்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதுவும் அவரே பின்னால் எல்லோரிடமும் சொல்லிவிட்டதால். மீதியைக் கேட்காதீர்கள். என்னிடமிருந்து வராது.

"கத்தினேன். சத்தம் வரல. வாய் தொறந்திருக்கு, சத்தம் மட்டும் இல்ல. அப்ப பாக்கெட்ல போன் அடிச்சுது. கை மடங்கிப்போய்க் கிடக்கு, எடுக்க முடியல. இவதான்னு தெரியும், இவளுக்குத் தனி மணி வெச்சிருக்கேன். அடிக்கிற வரைக்கும் நான் உயிரோட இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன். நின்னுடுச்சு. திரும்ப அடிச்சுது. திரும்ப நின்னுடுச்சு. அப்புறம் அடிக்கவே இல்ல."

கேஷியரைப் பார்த்தேன். விபத்து நடந்த அன்று ராத்திரி எதிர் வீட்டில் நடந்த சண்டை எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது. பால் வாங்கி வரச் சொல்லத்தான் கூப்பிட்டாளாம். "போனை எடுக்கக்கூட முடியாத அளவுக்கு அப்படி என்ன கிழிச்சீங்க" என்று விஷயம் தெரியாமல் கேட்டிருந்தாள். அவர் போய் வாசல் கதவைத் திறந்து வைத்தார்.

இப்போது அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றாள். தோள் மட்டும் ஆடியது. உள்ளே பேச்சு நின்றது.

"இருக்கியா?" என்று அவர் கேட்டார்.

"இருக்கேங்க." குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னாள். "இங்கதான் இருக்கேன்!"

வெளியே வரும்போது அடுத்த தடவைக்கான முன்பணத்தை எடுத்து நீட்டினாள். ரிப்போர்ட் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். என்ன பட்டம் கட்டுவார்களோ என்று நடுங்கிக்கொண்டேதான் சொன்னார். வேறு ஆளைப் போடத்தான் போட்டார்கள். ஆனால் வெளியே அனுப்பவில்லை. லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவசர பட்டனை அழுத்தினால் ஒரு குரல் பேசுமே, அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அது தலைமை அலுவலகத்தில், வேறு ஊரில். இரண்டு பேரும் அங்கேயே குடிபோனார்கள். அங்கேயும் பயம் விட்டதா என்றால் தெரியாது. ஆலோசனையைப் போனிலேயே தொடர்வதாகவும், மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டதாகவும் கேஷியர் சொன்னாள். அவர்கள் வீட்டுக்கு இப்போது ஒரு புதுமணத் தம்பதி வந்திருக்கிறார்கள். கதவு எந்நேரமும் சாத்தியே கிடக்கிறது, எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவர்கள் போன அன்று தூறிக்கொண்டிருந்தது. வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. அவர் ஏறவில்லை. பின்னால் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே, மேலே மூடாத இடத்தில் நின்றுகொண்டார். வேன் நகர்ந்து தெருமுனை திரும்பும்போது பார்த்தேன். முன் இருக்கையின் ஜன்னலிலிருந்து கேஷியரின் கை மழையில் பின்னோக்கி நீண்டிருந்தது. அவர் குனிந்து, எட்டாத அந்த விரல்களுக்காக ஒரு கையை நீட்டிக்கொண்டே போனார்.