பாப்பர் மனு

அந்த வக்கீலின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் வாயைக் கொப்பளிக்க வேண்டியிருக்கும். நாமக்கல்லில் இன்னும் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டுதான் திரிகிறார்.

முப்பத்தெட்டாம் வருஷம், பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு மூட்டையை இறக்கிவிட்டு நின்ற சின்னமுத்துவின் மேல் ஒரு லாரி பின்னுக்கு வந்து ஏறியது. ஆஸ்பத்திரியில் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவன் கொல்லிமலைக்காரன். வாசலூர்பட்டிப் பக்கம் மூன்று ஏக்கர் காடு. மலைக்கு ரோடு கிடையாது, ஒற்றைக் காலோடு ஏறவும் முடியாது. காட்டை வாரத்துக்கு விட்டுவிட்டு, அவனும் பெண்டாட்டி பெருமாயியும் அடிவாரத்தில் என் தோட்டத்துச் சாளைக் குடிசையில் தங்கியிருந்தார்கள். மேலேயிருந்து வருகிற சாமையும் மிளகும்தான் அவர்களுக்குக் கஞ்சி.

லாரிக்காரன் மேல் வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கலாம் என்று சொன்னவன் நான்தான். வக்கீலிடம் கூட்டிப்போனவனும் நான்தான்.

ஆயிரம் ரூபாய் கேட்டு வழக்குப் போட்டால் கோர்ட்டு ஸ்டாம்புக்கே நூறு ரூபாய் ஆகுமாம். அதற்கு மேல் அவருடைய பீஸ், குமாஸ்தா மாணிக்கத்துக்கு எழுத்துக்கூலி, சாட்சி சொல்ல வரும் டாக்டருக்குப் படி. கால் போனவனிடம் புளி விலை சொல்வது போலச் சொன்னார்.

"அத்தனைக்கு நான் எங்கீங்க போவேன்?" என்றான் சின்னமுத்து.

"பாப்பர் மனு போட்டுடலாம். ஒண்ணுமில்லாதவன்னு கோர்ட்டுல சொன்னா ஸ்டாம்பு கட்ட வேண்டாம். பணம் வந்தா அதுல புடிச்சுக்குவாங்க. என் பீஸையும் அப்பப் பாத்துக்கலாம்."

"காடு இருக்குதுங்களே."

"இருக்கக் கூடாது."

காட்டை மாணிக்கம் பேருக்குக் கிரயம் எழுத வேண்டும். இரண்டு மாதம் பொறுத்துத்தான் மனுப் போட வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டில் சந்தேகப்படுவார்கள். கேஸ் முடிந்ததும் காட்டைத் திரும்ப எழுதி வாங்கிக்கொள்ளலாம். இவ்வளவையும் வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார்.

சின்னமுத்து என் முகத்தைப் பார்த்தான். "திருப்பிக் குடுத்துருவாங்களாங்க?"

"படிச்சவங்க சாமி, ஏமாத்துவாங்களா?" என்றேன். கருமம், இந்த வாய்தான் சொன்னது.

ரிஜிஸ்தர் ஆபீசில் ரேகை வைத்தான். பிறகு ஒருநாள் முன்சீப் முன்னால் நின்று, "எனக்குக் காடு இல்லீங்க, ஒண்ணுமே இல்லீங்க" என்று சத்தியம் செய்தான். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் காலையில் குடித்த கஞ்சியை அப்படியே வாந்தி எடுத்தான். வக்கீல் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்.

ஒரு வருஷம் இழுத்தடித்தார்கள். கடைசியில் லாரி முதலாளி முந்நூறு ரூபாய்க்கு ராஜியானான். ஸ்டாம்பு போக, பீஸ் போக, படி போக, பெயர் தெரியாத எது எதுவோ போக, நாற்பது ரூபாய் சின்னமுத்துவின் கைக்கு வந்தது. ஒரு காலுக்கு நாற்பது ரூபாய். தூ!

"காட்டை எழுதிக் குடுத்துருங்க சாமி" என்றான்.

மாணிக்கம் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தான். ரொக்கம் இருநூறு பெற்றுக்கொண்டேன் என்றிருந்த வரியை விரல் வைத்து நிதானமாக வாசித்தான். "காசு வாங்கிட்டேன்னு நீதானப்பா ரேகை வெச்சிருக்கே. இது பொய்க் கிரயம்னா, காடு இல்லேன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணுனதும் பொய்யாயிரும். ஜெயிலுக்குப் போறியா?"

வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பி எச்சிலைத் துப்பினார்.

"நீங்கெல்லாம் சோறுதான் திங்கறீங்களா?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ வைதேன். சின்னமுத்துதான் என் தோளைப் பிடித்து வெளியே இழுத்துவந்தான்.

பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். அவன் அழவில்லை, யாரையும் வையவுமில்லை. மடியை அவிழ்த்து ரூபாயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"ஏனுங்க, எழுதுனவருக்குக் கூலி, பேசுனவருக்கு பீஸு, டாக்டருக்குப் படி. எல்லாருக்கும் ஆச்சுங்க. உங்களுக்கு எவ்வளவுங்க?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான்.

"எனக்கெதுக்குச் சாமி" என்றேன்.

கேஸ் பிடித்துக் கொடுத்ததற்காக, வக்கீலிடம் கூட்டிப்போன அன்றைக்கே மாணிக்கம் என் சட்டைப் பையில் பத்து ரூபாய் சொருகியிருந்தான். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தப் பணத்தில் தீபாவளிக்கு வேட்டி எடுத்து, அதைத்தான் அன்றைக்கு உடுத்தியிருந்தேன்.

"நீங்க ஒருத்தருதானுங்க சும்மா வந்தவரு" என்று சொல்லி, ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு, சின்னமுத்து என்னைக் கும்பிட்டான்.