ஜன்னல் வழியே வந்த கை

ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதிலிருந்து மெக்கானிக்குக்குத் தன்னோடு வேலை பார்க்கும் மச்சினன்மேல்தான் சந்தேகம். கூட இருக்கிறவன்தானே கைவைப்பான்! மதியம் சாப்பிடப் போவதுபோல் கடையைப் பூட்டிவிட்டு, பின்கதவால் நுழைந்து, இரும்புக் குழாயோடு ஜன்னலோரம் பதுங்கினார்.

ஒரு கை மெல்ல உள்ளே நீண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டார். எலும்பு முறிந்தது. அந்தக் கையிலிருந்து ஒரு ஸ்பேனர் உள்ளே விழுந்தது.

“ஐயோ, என் கை!” என்று வெளியே அலறியவர் டாக்ஸிக்காரர். “ரிப்பேர் பண்ணிட்டு ஸ்பேனரை என் கார் பானெட்டுக்குள்ளயே விட்டுட்டீங்க. கடை பூட்டியிருக்கேன்னு ஜன்னல்ல வைக்க வந்தேன்யா!”

தான் மூடிய பானெட்டுகள் எல்லாம் மெக்கானிக்கின் நினைவுக்கு வந்தன. ஆனாலும், அலறல் கேட்டு ஓடிவந்த மச்சினனின் பாக்கெட்டைத்தான் அவர் கண் முதலில் துழாவியது.