நான்கு மூலைப் பொட்டு

பூஜை விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று மணிவேல் தாமதமாக வந்தான். ஜகதாம்பாள் வருகைப் பதிவேட்டை விரித்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, அவனுக்காகவே காத்திருந்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். அவன் கையெழுத்துப் போடக் குனிந்தபோது, அந்த இடத்தில் ஏற்கெனவே சிவப்பு விழுந்திருந்தது.

"சந்த்ராகாச்சியில லோக்கல் ட்ரெயினை நிறுத்திட்டான்."

"சந்த்ராகாச்சி தினமும் அங்கேயேதான் இருக்கு. நீதான் நேரத்துக்கு இருக்கறதில்லே."

"பம்பாய் ஹெட் ஆபீஸ்லேர்ந்து இன்னிக்கு வர்றாங்க மாமி. இன்னிக்கு ஒருநாள் அந்தப் பேனாவை மூடி வெச்சா என்னவாம்?"

"ஆபீஸ்ல மாமி கிடையாது. மேடம்."

"சரிங்க, மேடம் மாமி."

இருவர் முகத்திலும் புன்னகை இருந்தது. அந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். எதிரில் வங்காளிகள் இருக்கும்போது சண்டையைச் சிரித்த முகத்தோடு போடப் பழகியிருந்தார்கள். மண்டல மேலாளர் அனிமேஷ் கோஷால் அந்தப் பக்கமாக வந்தவர் நின்று, "ஆஹா, காலையிலேயே தொடங்கியாச்சா! உங்க பாஷையைக் கேட்டாலே பாட்டு மாதிரி இருக்கு" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டுப் போனார். இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

அலிப்பூரில் நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது அந்த மின்விசிறி கம்பெனியின் கிழக்கு மண்டல அலுவலகம். ஜகதாம்பாள் அங்கே நிர்வாகப் பிரிவின் சூப்பர்வைசர். பவானிபூர் வீட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள், ஒருநாளும் தாமதித்ததில்லை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். மணிவேல் கரக்பூர் ரயில்வே குடும்பத்துப் பையன். விற்பனையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேலைக்கு எடுத்திருந்தார்கள். அவன் வந்த பிறகுதான், பெண்கள் உட்கார்ந்து சாப்பிடும் அறையைப் பயிற்சி அறையாக மாற்றினார்கள். அதன் சுவரில், விரலால் தொட்டாலே எழுதும் அந்த வெள்ளைப் பலகை வந்து மாட்டிக்கொண்டது. அன்று முதல் ஜகதாம்பாளும் மற்றப் பெண்களும் மாடிப்படி ஓரத்தில், லிஃப்டின் எண்ணெய் வாடையில், டிபன் டப்பாவைத் திறந்தார்கள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. மனைவியின் வளைகாப்புக்கு அவன் விடுப்பு கேட்டபோது, "அதெல்லாம் பொம்மனாட்டிகள் விசேஷம், நீ போய் என்ன பண்ணப்போறே?" என்று சொல்லிச் சம்பளமில்லா விடுப்பாக எழுதினாள். அவனோ, தொலைபேசியில் எப்படிப் பேசக் கூடாது என்ற பாடத்தில் அவளுடைய குரலில் பேசிக் காட்டினான். பயிற்சி அறையின் மரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவள், தன்னுடைய 'ஹலோ'வுக்கு ஓர் அறையே சிரிப்பதைக் கேட்டாள். அன்று அவளால் தயிர்சாதத்தை விழுங்க முடியவில்லை.

சரஸ்வதி பூஜை நவமியில் வரும். ஆனால் கல்கத்தாவில் அப்போது எல்லா அலுவலகங்களும் பூட்டியிருக்கும். எனவே விடுமுறைக்கு முந்தைய வேலைநாளிலேயே, மற்றவர்கள் கிளம்பிய பிறகு, ஜகதாம்பாள் சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு ஒவ்வொரு இயந்திரமாகப் போவாள். தட்டச்சு இயந்திரம், கணினி, நகல் எடுக்கும் இயந்திரம், லிஃப்டின் பித்தான்கள். போன வருடம் ஃபேக்ஸ் இயந்திரத்தில் வைத்த குங்குமம் உருளைக்குள் இறங்கி, பம்பாய்க்குப் போன ஒவ்வொரு தாளிலும் நடுவில் கறுப்புக் கோடு விழுந்தது. கோஷால் அவளை உட்காரவைத்து, அக்கா என்று பொருள்படும் 'தி'யைப் பெயரோடு சேர்த்து, "ஜகாதி, இன்னொரு முறை மெஷின்ல எதையாவது பூசினீங்கன்னா, தாராதலா கிடங்குக்கு அனுப்பிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லலை" என்றார். தாராதலா கிடங்கில் பெண்கள் யாரும் வேலை செய்வதில்லை. பெண்களுக்கென்று கழிப்பறைகூடக் கிடையாது. அதனால் இந்த வருடம் அவள் மிகவும் கவனமாக, அசையாத இடமாகப் பார்த்து, வெளிப்பக்கம் மட்டும் வைத்தாள்.

பயிற்சி அறை வாசலில் வந்ததும் நின்றுவிட்டாள். இதற்கு வேண்டாம் என்று திரும்பி மாடிப்படி வரை நடந்தாள். பிறகு மனசு உறுத்தியது. வாணிக்கு முன்னால் எனக்குப் பிடித்த கருவி, பிடிக்காத கருவி என்று உண்டா? திரும்பி வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பலகையின் சட்டத்தில் நான்கு மூலையிலும் நகத்தளவு கறுப்பு வட்டம் ஒவ்வொன்று, செய்தவனே பொட்டுக்கு இடம் விட்டதுபோல் இருந்தது. நாற்காலி மேல் ஏறி நான்கிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். மேஜையில் கிடந்த ரிமோட்டின் மூக்கிலும் ஒன்று. மணிவேலுக்காக வேண்டிக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. பலகைக்காக வேண்டிக்கொண்டாள்.

பம்பாய்க்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பயிற்சித் துறைத் தலைவி ஒரு நரைமுடிப் பெண்மணி. கூட இரண்டு அதிகாரிகள். மணிவேலுக்கு எதையும் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. காலையில் அறைக்குள் நுழைந்தவன் பலகையின் பொட்டைப் பார்த்தான்தான். ஆனால் கரக்பூரில் அவன் அப்பாவின் சைக்கிள் பெல்லிலிருந்து அம்மாவின் அரிவாள்மணை வரை பொட்டு வைத்துப் பார்த்தே வளர்ந்தவன். அவனுக்கு அது கண்ணில் பட்டும் படாததாகவே இருந்தது.

அவனுக்கு இந்த வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தகுதிகாண் காலத்தை ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டியிருந்தார்கள். மூன்றாவது தடவை கிடையாது, இந்தப் பலகையை வைத்து என்ன செய்கிறாய் என்று அவர்களிடம் காட்டு, பிடித்தால் இருப்பாய், இல்லையென்றால் கரக்பூருக்குப் போவாய் என்று கோஷால் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். ஜகதாம்பாளும் அப்போது அங்கே இருந்தாள்.

விளக்கை அணைத்தார்கள். புரொஜெக்டரின் வெளிச்சத்தில் மணிவேல் நின்றான். ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, ரிமோட்டை நீட்டி அழுத்தினான். ஒன்றும் நகரவில்லை. மீண்டும் அழுத்தினான். உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி அழுத்தினான். கடைசி வரிசையில் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஜகதாம்பாளை நோக்கி, வந்தவர்களுக்காக முகத்தில் சிரிப்பை விடாமல், தமிழில் கேட்டான்:

"லீவுக்கு முன்னாடியே ரிமோட்டுக்குப் புது பேட்டரி செல் கேட்டேனே மாமி, குடுத்தீங்களா?"

"இண்டென்ட் எழுதிக் குடுத்தியா?" அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லா இருங்க."

"நன்னாத்தான் இருக்கேன்."

அவன் ரிமோட்டை வைத்துவிட்டு, பலகையை விரலால் தொட்டான். தொட்ட இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மேல் மூலையிலிருந்து ஒரு நீலக் கோடு தானாகவே கிளம்பி, மின்விசிறிப் படத்தின் குறுக்காக ஓடிக் கீழே இறங்கியது. அழிக்கப் போனான். பலகை தானாகவே ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டுபோய், கடைசியில் 'நன்றி' என்ற பக்கத்தில் நின்றது. பம்பாய் அதிகாரிகளில் ஒருவர், "சீக்கிரமே முடிஞ்சுபோச்சே" என்று இந்தியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜகதாம்பாளுக்கு உள்ளுக்குள் ஏதோ இனித்தது. மரத் தடுப்புக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு இப்போது இந்தப் பக்கம் வந்திருக்கிறது. பட்டாத்தானே தெரியும் என்று நினைத்தாள். அவன் பலகைக்கும் மடிக்கணினிக்கும் ஓடி ஓடி வந்தான். ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகத் தொடங்கினான். யாராவது வேண்டுமென்றே வயரைக் கலைத்திருக்க வேண்டும் என்று கோஷாலிடம் ஆங்கிலத்தில் சொல்லி, அவளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பார்க்கட்டும் என்றிருந்தாள்.

பலகையின் நடுவில் ஒரு சின்னச் சாம்பல் நிறக் கட்டம் தோன்றித் தோன்றி மறைந்தது. மணிவேல் அதைப் படிக்காமலேயே மூடிக்கொண்டிருந்தான். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ அது வந்தபோது, அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். மூலைகளில் உள்ள கேமராக்களை ஏதோ மறைக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

மூலைகள்.

சட்டத்தின் நான்கு மூலைகளையும் இருட்டில் அவளால் பார்க்க முடியவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அங்கே பொட்டு வைத்தது அவள் கைதானே. நான் இவனுக்குக் கெடுதல் செய்ய எத்தனை முறை நினைத்தேன், அப்போதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லையே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மனசை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தேனே, அதுவா இப்படி ஆக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணை மூடினால் கோஷாலின் குரல் கேட்டது. தாராதலா. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. இவர்கள் போனதும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கம்பெனி இன்னொரு பையனை எடுத்துக்கொள்ளும். இவனைவிட நல்லவனாக, நேரத்துக்கு வருகிறவனாக.

மணிவேல் திரும்பி நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாளைக்கு வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டவனின் தோள் அப்படித்தான் இறங்கும். வளைகாப்பு விடுப்பைச் சம்பளமில்லாமல் எழுதிய நாளில், கதவைத் திறந்துகொண்டு போனபோதும் அந்தத் தோள் இப்படித்தான் இறங்கியிருந்தது. அன்று அவள் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"லைட்டைப் போடுங்கோ" என்று சொல்லி எழுந்தாள்.

பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டாள். ஒருவரும் அசையவில்லை. அவனுக்கு மட்டும்தான் புரிந்தது.

"எதுக்கு?"

"போடேன்டா!"

அவன் போட்டான். வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்கினார்கள். ஜகதாம்பாள் மேஜைமேல் இருந்த தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு, பம்பாய்ப் பெண்மணியின் முழங்காலுக்கு முன்னால் ஒதுங்கிப் பலகையிடம் போனாள். கீழே குனிந்து இடப்பக்க மூலையைத் துடைத்தாள். துணி சிவந்தது. எழ முடியாமல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மணிவேல் மேல் மூலையை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

"அது கண்ணு மாமி. கண்ணுல போய் வெச்சிருக்கீங்களே." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். இந்த முறை சிரிப்பு இல்லை.

"பொட்டு வைக்க இடம் விட்டிருக்கான்னு நெனச்சேன்."

"வேணும்னுதானே பண்ணீங்க?"

"பூஜையிலேயா? பூஜையில வெச்சதையா வேணும்னு பண்ணினேன்கறே?"

அவன் மேல் மூலைக்குக் கையை நீட்டினான். பொட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றது. குங்குமத்தை அழிப்பதற்கு அவன் கையும் பழகவில்லை. "நீங்களே சொல்லிக்குங்க உங்க சாமிகிட்ட" என்று முணுமுணுத்துவிட்டு, இரண்டு மூலைகளையும் தன் கைக்குட்டையால் துடைத்தான். மீதமிருந்த கீழ் மூலையை அவள் துடைத்தாள். ரிமோட்டின் மூக்கைக் கட்டைவிரலால் வழித்தான்.

"என்ன இது, ஜகாதி?" என்று கோஷால் மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவை அந்த அலுவலகம் நன்றாக அறியும்.

"நான்தான் வெச்சேன் சார். பூஜைக்கு" என்று வங்காளத்தில் சொன்னாள். பிறகு, வந்தவர்களுக்கும் புரியட்டும் என்று, எந்தக் குரலைக் கேட்டு ஓர் அறையே சிரித்ததோ அதே குரலில், ஆங்கிலத்திலும் சொன்னாள். அவர் தப்பு இல்லை, என்னுடையது.

அதன்பின் எல்லாம் நடந்தது. ரிமோட்டை அழுத்த அழுத்தப் பக்கங்கள் பணிந்து நகர்ந்தன. மணிவேல் விரலால் வரைந்த வட்டத்துக்குள் மின்விசிறி சுழன்றது. விரலை இழுத்தால் வேகம் கூடியது. அவன் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தான் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து அது ஒருநாளும் தெரிந்ததில்லை. நடுவில் வியர்வையைத் துடைத்ததில், கைக்குட்டைக் குங்குமம் அவன் புருவத்தின்மேல் ஈஷிக்கொண்டது. அவளைத் தவிர யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பம்பாய்ப் பெண்மணி சில கேள்விகள் கேட்டார். எழுதிக்கொண்டார். எழுதுவோம், சொல்லுவோம் என்று ஆங்கிலத்தில் சொல்லி, காருக்கு இறங்கிவிட்டார். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

"ஜகாதி, என் ரூமுக்கு வாங்க" என்றார் கோஷால்.

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"நீ எதுக்கு வர்றே? உன்னை யாரும் கூப்பிடலை."

"நீங்க தனியாப் போனா ஏதாவது உளறி வைப்பீங்க."

"உன் ஜோலியைப் பாரு. உனக்கே பர்மனன்ட் ஆர்டர்ல இன்னும் கையெழுத்தாகலை."

"ஆகலைதான்" என்றான். அவன் குரலில் அப்போதும் கோபம்தான் இருந்தது. "அதுக்காக? அஞ்சு நிமிஷம் வெளக்கமாச் சொன்னா அவருக்குப் புரியும். நீங்க 'பூஜைக்கு'ன்னு ஒரு வார்த்தையில நிறுத்திட்டீங்க."

"எனக்காக நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"உங்களுக்காக யாரு சொன்னா?"

அந்த அறையின் கதவுக்கு முரட்டு ஸ்பிரிங். தள்ளினால் திருப்பி அடிக்கும். மணிவேல் கையை நீட்டி அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டான். ஜகதாம்பாள் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவன் கைக்குக் கீழே தலையைக் குனிந்து உள்ளே போனாள். வெறுப்பு அதனால் தீர்ந்துவிடவில்லை. தீராமலேயே மனிதர்கள் ஒருவருக்கொருவர் கதவு பிடிப்பதைக் கடவுள் தடுப்பதில்லை.

கோஷால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவரை அழைத்த இடத்தில் இருவர் நிற்பதை, கண்ணாடி இல்லாத கண்களால் மாறி மாறிப் பார்த்தார். மேஜைக்கு எதிரில் இருந்த ஒரே நாற்காலியில் விஜயதசமி வாழ்த்தோடு வந்த இனிப்புப் பெட்டிகள் மார்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. உச்சியில் ஒரு ரசகுல்லா மண்கலயம். மணிவேல் அத்தனையையும் இரண்டு கைகளாலும் அணைத்து எடுத்தான். மேஜையில் இடமில்லை. தரையில் இனிப்பை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. மோவாயால் கலயத்தை அழுத்திக்கொண்டு அப்படியே நின்றான். ஜகதாம்பாள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி இன்னும் உட்காராமல் நின்றாள். கலயத்தின் விளிம்பிலிருந்து சர்க்கரைப் பாகு வழிந்து, சொட்டுச் சொட்டாக, அவன் சட்டைக் கையில் இறங்கிக்கொண்டிருந்தது.