குருவிக்கு ஒரு வாய்

பனி கொட்டும் அயல்நாட்டு ஊரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு, மனைவியைச் சாப்பிட வைப்பதுதான் இப்போது முழுநேர வேலை. அவள் படுத்த படுக்கையாகி ஐந்து மாதம். கஞ்சிக் கிண்ணத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. குளிர்காலம் தொடங்கியதும் அவள் சன்னலுக்கு நேராகப் பின்பக்கத் தோட்டத்தில் ஒரு கம்பம் நட்டு, அதன்மேல் தட்டு மாட்டி, விதை போட்டார். குருவிகள் வந்தன. வால் அறுந்த ஒன்றுக்கு அவள் மொட்டைவால் என்று பேர் வைத்தாள். ஒரு குருவி வந்து உட்கார்ந்தால் ஒரு வாய் கஞ்சி என்று அவளே ஒப்பந்தம் போட்டாள்.

"ரெண்டு சேர்ந்து வந்தா ஒரு வாய்தான்."

"பஸ்ல ரெண்டு பேர் சேர்ந்து ஏறினா ஒரு டிக்கெட்டா குடுப்பாங்க?"

அவள் சிரித்துவிட்டாள். பனி கொட்டிய நாட்களில் தட்டில் கூட்டம் நெரியும், அன்றைக்கெல்லாம் கிண்ணம் காலியாகும். அவளுக்குத் தெளிவாகத் தெரியவேண்டுமே என்று தினமும் விடிந்ததும் சன்னல் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துவைப்பார்.

ஒருநாள் கம்பத்தடியில் ஒரு குருவி செத்துக் கிடந்தது. குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டார். மறுநாள் இரண்டு கிடந்தன.

படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்ற வாரம் ஒருமுறை வரும் நர்ஸ்தான் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, இதை எப்பக் கழுவினீங்க?"

அவரும் எட்டிப் பார்த்தார். ஈரத்தில் ஊறிய பழைய விதை, எச்சம், அதன்மேலேயே புது விதை. இரண்டு மாதமாக இதே கதைதான். முப்பது வருடம் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வண்டியை எடுத்த கை அது. கண்ணுக்கு வழி தெரிந்தால் போதும் என்று பழகிப்போன மனிதருக்குத் தட்டைக் கழுவத் தோன்றவேயில்லை.

"ஒண்ணுகிட்டேருந்து ஒண்ணுக்கு நோய் ஒட்டுது. இனிமே கழுவினா மட்டும் பத்தாது. கழட்டிடுங்க. ஒரு மாசம் இங்க கூடாம இருந்தாத்தான் மிச்சமிருக்கிறதாவது பிழைக்கும்."

அவர் கழற்றவில்லை. சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவி மறுபடி மாட்டினார். சாவது குருவி, உள்ளே கிடப்பவள் மனைவி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் அவள் கண் விழிக்கும் முன் செத்ததைப் பொறுக்கும்போதெல்லாம் கை கூசியது. தானே கொன்றதுபோல்தான் இருந்தது.

நர்ஸ் வந்துபோன நான்காம் நாள் அவள் கேட்டாள்.

"மொட்டைவால் எங்கங்க? மூணு நாளா ஆளையே காணோம்."

"வேற எங்கயாவது போயிருக்கும்."

"எங்க, குப்பைத்தொட்டிக்கா?"

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"விடியக்காலையில அந்த மூடி சத்தம் எனக்குக் கேக்காதா? நர்ஸ் சொன்னதும் கேட்டுச்சு. காலுதாங்க விழுந்துபோச்சு, காது நல்லாத்தான் இருக்கு. கழட்டிடுங்க."

"கழட்டிட்டா நீ சாப்பிட மாட்டியே."

"சாப்பிடுறேன்."

"நிஜமா?"

"நிஜமா. போங்க, மொதல்ல கழட்டுங்க."

அவர் மனசில் இருந்த பாரம் பாதி இறங்கியது. அப்போதே போய்க் கழற்றி, தட்டைக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் பனி கொட்டியது. பழக்கதோஷத்தில் குருவிகள் வந்து, மொட்டைக் கம்பத்தின்மேல் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்தன. ஓட்டுநர் கரண்டியை நீட்டினார்.

"பாரு, நாலு வந்துட்டுப் போயிருக்கு. நாலு வாய்."

அவள் வாயைத் திறக்கவில்லை. கஞ்சி ஆறிப்போய், சூடு பண்ணிக் கொண்டுவந்தார். அப்போதும் திறக்கவில்லை.

"சாப்பிடுறேன்னு சொன்னியே!"

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, கரண்டியை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"அப்படிச் சொல்லலைன்னா நீங்க கழட்டியிருக்க மாட்டீங்களே."